சரோஜாவின் பங்குக்கு நான் போட்ட கோடு

குமரா,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை. "லைன் சரியில்லப்பா, அப்புறம் பேசலாம்" என்று வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது. நீ ஈப்போவில் பேசியது இங்கே சுங்காயில் என் பக்கத்தில் உட்கார்ந்து பேசியது போலக் கேட்டது. காது மந்தமான பிறகு நான் போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுகிறேன் என்பதை நீ மறந்துவிட்டாய். உன் அம்மா அதே மேசையில் நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள். "கல்யாணத்துக்கு முன்னாடியே நெலத்த எம்பேருக்கு மாத்திட்டா நல்லதுப்பா. அம்மா பேரெல்லாம் எதுக்கு கெரான்ல? நான் பாத்துக்க மாட்டேனா?" என்று நீ கேட்டது அவள் காதிலும் விழுந்தது. அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. தலையை ஒரு பக்கமும் மீனை ஒரு பக்கமும் போட்டுக்கொண்டே இருந்தாள்.

உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. கோபப்படும் தகுதி எனக்கு இல்லை என்பதுதான் உண்மை. நீ சொன்ன அந்த வார்த்தைகளை ஒன்பது வருடத்துக்கு முன்னால் நான் உன் சரோஜா சித்தியிடம் சொன்னேன். கெரான் பத்திரத்தில் பெண்பிள்ளை பெயர் எதற்கு, நாங்கள் பார்த்துக்கொள்ள மாட்டோமா என்று, ஏறக்குறைய அதே வரிசையில். அப்போது நீ ஈப்போவில் படித்துக்கொண்டிருந்தாய். அதைக் கேட்டிருக்க வழியில்லை. ஆனாலும் என் வாயிலிருந்து உன் வாய்க்கு அது எப்படியோ வந்து சேர்ந்துவிட்டது. அதனால்தான் இதை எழுதுகிறேன். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்போடு நின்ற கை, கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள். நீ கட்டிக்கொள்ளப்போகும் காம்பார் ஊர்ப் பெண்ணும் இதைப் படிக்கட்டும். யாரிடமும் மறைக்க வேண்டாம். மாமனார் எப்படிப்பட்ட ஆள் என்று தெரிந்துகொண்டே அந்தப் பெண் நம் வீட்டுக்குள் வரட்டும்.

உன் சித்தப்பா ராஜு என்னைவிட ஆறு வயது இளையவன். எனக்குப் பதின்மூன்று வயதானபோது என்னைப் பள்ளியிலிருந்து நிறுத்தி அம்மாவோடு பால் மரம் வெட்ட அனுப்பினார்கள். விடியற்காலையில் ஆள் எண்ணும் பெரட்டுக்கு மணி அடிக்கும். அம்மா என்னை மட்டும் தட்டி எழுப்புவார். அவன் பக்கத்தில் படுத்திருப்பான். அவன் போர்வை விலகியிருந்தால் இழுத்து மூடிவிட்டு, "சத்தம் போடாத, தம்பி தூங்குது" என்பார். பொறாமை அங்கேதான் தொடங்கியது என்று சொல்லலாம். ஆனால் அதைக் காரணம் காட்டித் தப்பித்துக்கொள்ள எனக்கு விருப்பமில்லை. அந்தத் தோட்டத்து லயத்தில் எத்தனையோ மூத்த பிள்ளைகள் அப்படித்தான் எழுந்து போனார்கள். அவர்கள் எல்லாரும் என்னைப்போல ஆகிவிடவில்லை. ராஜு ஐந்தாம் பாரம் வரை படித்தான். அவன் படித்தபோது எனக்கு வயிறு எரிந்தது. அரசாங்க வேலைக்குப் போகாமல் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு நிலத்துக்கு வந்தபோது அதைவிட எரிந்தது. எனக்குக் கிடைக்காததை வாங்கி, வேண்டாம் என்று ஓரமாக வைத்துவிட்டானே என்று.

நிலம் வந்த கதை உனக்குத் தெரியும். தோட்டத்தைக் கம்பெனி விற்றபோது கிடைத்த நட்டஈட்டில் உன் தாத்தா ஆறு ஏக்கர் பால் வற்றிய பழைய கித்தா மரக் காட்டை வாங்கி எங்கள் இருவர் பெயரிலும் எழுதினார். மேல்பக்கம் தார் ரோடு. அங்கிருந்து சரிந்து இறங்கி ஆற்றில் போய் முடியும். மேட்டில் நல்ல செம்மண். பள்ளத்தில் ஒவ்வொரு மழைக்காலமும் தண்ணீர் ஏறும். நான் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைப் பழ லோரி ஓட்டப் போய்விட்டேன். ராஜுதான் கித்தாவை அழித்து, செம்பனை நட்டு, ஆறு ஏக்கரையும் தன் கையால் வளர்த்தான். வருவதில் பாதியைத் தவறாமல் என் வீட்டில் கொண்டுவந்து கொடுப்பான். "அண்ணே, இந்த மாசம் கொல நல்லா வந்திருக்கு" என்று சிரிப்பான். அவன் பாதியைக் கொடுக்காமல் இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கும் தெரியுமா? ஊரைக் கூட்டி ஏசியிருக்கலாம். குறை சொல்ல ஒன்றுமே வைக்காத தம்பியோடு வாழ்வது எவ்வளவு கஷ்டம் என்று யாரிடம் போய்ச் சொல்வது?

அப்புறம் அவனைக் கட்டிக்கொண்டு சரோஜா வந்தாள். ஹுத்தான் மெலிந்தாங்கில் கருவாடு போடும் வீட்டுப் பெண். வந்த ஒரு மாதத்தில் அவனோடு காட்டில் இறங்கிவிட்டாள். நீண்ட கம்பில் கட்டிய அரிவாளால் அவன் குலையை அறுத்துத் தள்ளுவான். அவள் பின்னாலேயே போய் உதிரிப் பழங்களைப் பொறுக்குவாள். அவன் சினிமாப் பாட்டைத் தப்பும் தவறுமாகப் பாடுவான். "ஐயோ, அந்த எடத்துல அந்த வார்த்த இல்லலா!" என்று அவள் காட்டின் மறுகோடியிலிருந்து கத்துவாள். மேட்டில், ரோட்டோரமாக, தகரக் கூரை போட்டு ஒரு குடிசை கட்டினார்கள். மத்தியானத்தில் அங்கே உட்கார்ந்து ஒரே டிபன் கேரியரில் இரண்டு பேரும் கைவிட்டுச் சாப்பிடுவார்கள். நான் லோரியை ரோட்டில் ஓட்டிப் போகும்போது அது தெரியும். "வாங்கண்ணே, சாப்புடலாம்!" என்று கை காட்டுவார்கள். நான் ஹாரன் அடித்துவிட்டுப் போய்விடுவேன். நானும் உன் அம்மாவும் ஒரே ஏனத்தில் சாப்பிட்டதே இல்லை. அவளிடம் நான் அதைக் கேட்டதில்லை, அவளும் கேட்டதில்லை.

அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அந்த ஒரு விஷயத்தில் நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். இதை எழுதக் கை கூசுகிறது, ஆனால் நினைத்தேன். பிறகு நீ நடக்கத் தொடங்கினாய், நடந்தது அவர்கள் வீட்டுக்குத்தான். உனக்கு ஒன்பது வயதில் சைக்கிளிலிருந்து விழுந்து கை முறிந்ததே, நினைவிருக்கிறதா? ஆஸ்பத்திரியில் எலும்பை இழுத்துச் சேர்க்கும்போது நான் உன் தலைமாட்டில்தான் நின்றேன். லோரியை வழியில் போட்டுவிட்டு ஓடி வந்திருந்தேன். நீ கண்ணை இறுக்க மூடிக்கொண்டு "சித்தப்பா, சித்தப்பா" என்று கத்தினாய். நர்சு மிஸ்ஸி என்னைப் பார்த்து, வெளியே இருக்கும் சித்தப்பாவைக் கூப்பிடட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவன் கதவுக்கு வெளியே நின்று அழுதுகொண்டிருந்தான். நீ கேட்டும் அவனை உள்ளே விடாதவன் நான்தான். இத்தனை வருடமும், "நர்சு விடலப்பா" என்றுதான் உன்னிடம் சொல்லி வந்திருக்கிறேன்.

ராஜு செத்த நாளை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காலையில் நான்கு மரத்தில் குலை வெட்டினான். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். சரோஜா தண்ணீர் எடுத்து வருவதற்குள் முடிந்துவிட்டது. ஐம்பத்திரண்டு வயது. நான் அழுதேன், அது பொய் இல்லை. ஆனால் வீட்டு வாசலில் கூட்டம் வந்துகொண்டே இருந்தது. பழம் வாங்கும் சீனர் வந்தார். கம்போங்கிலிருந்து மலாய்க்காரர்கள் வந்தார்கள். எனக்கு முகமே தெரியாத ஆட்கள் எல்லாம் "ரொம்ப நல்ல மனுசன்" என்று என் கையைப் பிடித்துக் கண்கலங்கினார்கள். அழுதுகொண்டே, எனக்கு இத்தனை பேர் வருவார்களா என்று நினைத்தேன். பிணத்தைப் பார்த்துப் பொறாமைப்பட்டவன் உன் அப்பா.

கருமாதி முடிந்த மறுநாள் சரோஜாவின் வீட்டுக்குப் போனேன். உன் அம்மாவும் வந்தாள். உயில் எழுதாமல் போய்விட்டான், அவன் பாதியை நில அலுவலகத்தில் மனுப் போட்டு மாற்ற வேண்டும், பேசாமல் முழுவதையும் என் பெயரில் போட்டுவிட்டால் வேலை சுலபம் என்று சொன்னேன். "பொம்பளப்புள்ள பேரெல்லாம் எதுக்கு கெரான்ல? நாங்க பாத்துக்க மாட்டோமா?" என்றேன். அவள் காப்பி கலக்கிக்கொண்டிருந்தாள். கரண்டி நின்றது.

"அண்ணே, எம்பேரு இருக்கட்டும்" என்றாள்.

"எதுக்கும்மா? உனக்கு என்ன கொற வெக்கப்போறேன்?"

"கொற வெப்பீங்கன்னு சொல்லல. எம்பேரு இருக்கட்டும்ணே."

அவ்வளவுதான். குரலை உயர்த்தவில்லை. காப்பியை என் முன்னால் வைத்தாள். நான் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன். காரில் உன் அம்மாவிடம், "நேத்து வந்தவளுக்கு எவ்ளோ திமிரு பாத்தியா?" என்றேன். "இருபத்திரண்டு வருசம் ஆச்சுங்க அவ வந்து" என்று சொல்லிவிட்டு அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சட்டம் சரோஜாவின் பக்கம் இருந்தது. பிள்ளை இல்லை, எங்கள் அப்பா அம்மாவும் போய்விட்டார்கள். ராஜுவின் பாதி முழுவதும் அவளுக்குத்தான் வந்தது. அதைத் தடுக்க என்னால் முடியாது. ஆனால் கெரானை இரண்டாகப் பிரிக்கும்போது கோட்டை எங்கே போடுவது என்பது என் கையில் இருந்தது. மூத்தவன் சொன்னால் அவள் மறுக்க மாட்டாள் என்று எனக்குத் தெரியும். நியாயமான கோடு எது என்று ஒரு குழந்தையைக் கேட்டாலும் சொல்லும். ரோட்டிலிருந்து ஆறு வரைக்கும் நெடுக்காகப் போட வேண்டும். அப்போதுதான் இருவருக்கும் கொஞ்சம் மேடு, கொஞ்சம் பள்ளம். நான் குறுக்கே போட்டேன். மேட்டில் மூன்று ஏக்கர் எனக்கு. ஆற்றோரம், வருடத்தில் இரண்டு மாதம் தண்ணீர் நிற்கும் மூன்று ஏக்கர் அவளுக்கு. அவள் நிலத்துக்குப் போக என் ஓரமாக ஒரு நடைபாதை மட்டும் விட்டேன். அளவைக்காரர் இரண்டு முறை கேட்டார், சரியாகத்தான் சொல்கிறீர்களா என்று. ஏக்கர் கணக்கு சரிதானே என்றேன்.

நில அலுவலகத்தில் மலாய்க்காரப் பெண் அதிகாரி ஒருவர் வரைபடத்தைச் சரோஜாவின் பக்கம் திருப்பி வைத்தார். ஆற்றின் மேல் விரலை வைத்துக் காட்டி, "புவான் செத்துஜு?" என்று கேட்டார். சம்மதமா என்று. சரோஜா அந்த விரலைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு என்னை ஒரு தடவை பார்த்தாள். "செத்துஜு" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாள். பள்ளம் எது மேடு எது என்று வரைபடத்தில் அவளுக்குப் புரியவில்லை என்று நினைத்தேன். அப்படி நினைத்துக்கொள்வது எனக்குத் தேவையாக இருந்தது.

உண்மையைச் சொல்கிறேன், அந்த மேட்டின்மேல் எனக்கு எந்த ஆசையும் இல்லை. லோரி ஓட்டியவனுக்கு மண்ணைப்பற்றி என்ன தெரியும்? அது அவர்கள் இருவருக்கும் பிடித்த இடம். அதனால் எனக்கு வேண்டும். கெரான் கைக்கு வந்த வாரமே ஆள் வைத்து அந்தக் குடிசையைப் பிரித்துப் போட்டேன். இரண்டு கன்று வைக்க இடம் வேண்டும் என்று காரணம் சொன்னேன். கன்று வைக்கவே இல்லை. அந்த மாதம் லீவுக்கு வந்த நீ, "குடிசை எங்கப்பா?" என்று கேட்டாய். காற்றில் போய்விட்டது என்றேன். நீ சரோஜாவிடமும் கேட்டிருக்கிறாய் என்று பிறகு தெரிந்தது. அவளும் காற்று என்றே சொல்லியிருக்கிறாள்.

அடுத்த மழைக்காலத்தில் ஆறு நன்றாக ஏறியது. ஒரு காலையில் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு நிலத்துக்குப் போனேன். உதவி செய்யப் போனேன் என்று எழுத ஆசைதான். அவள் கஷ்டப்படுவதைப் பார்க்கப் போனேன். உன் அம்மா அன்று காலையிலேயே கிளினிக்குக்குப் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பியிருந்தாள். மேட்டு விளிம்பில் நின்று கீழே பார்த்தால் தொடையளவு தண்ணீர். அதில் சரோஜா கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு, ஆமாம், ராஜுவின் பழைய கூலிங் கிளாஸ், ஒரு பெரிய பிளாஸ்டிக் தொட்டியை இடுப்பில் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வருகிறாள். தண்ணீரில் மிதக்கும் பழங்களைச் சல்லடையால் அள்ளித் தொட்டியில் போடுகிறாள். கருவாட்டு ஊர்க்காரிக்குத் தண்ணீர் என்றால் பயமா? தொட்டியைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வருவது யார் என்று பார்த்தால் உன் அம்மா. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தலையில் துண்டு கட்டிக்கொண்டு. கால் எதிலோ இடறித் தண்ணீரில் உட்கார்ந்துவிட்டாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். குமரா, முப்பது வருடம் குடும்பம் நடத்திய எனக்கு, உன் அம்மா அப்படி வாய்விட்டுச் சிரிப்பாள் என்பதே அன்றைக்குத்தான் தெரியும்.

அவர்களுக்கு நான் கொடுத்தது வெள்ளம். அதில் நின்று சிரிக்கிறார்கள். காய்ந்த மண்ணில் நின்றுகொண்டு நான் வெந்துபோனேன்.

என்னைப் பார்த்ததும் உன் அம்மாவின் சிரிப்பு நின்றுவிட்டது. அதையும் பார்த்தேன். சரோஜா கயிற்றை அவிழ்த்துவிட்டு மேலே ஏறி வந்தாள். "அக்காவ ஒண்ணும் சொல்லாதீங்கண்ணே, நான்தான் கூப்புட்டேன்" என்றாள். நான் உன் அம்மாவைப்பற்றிப் பேசவே இல்லை. எனக்குள் வேறொன்று முட்டிக்கொண்டிருந்தது.

"எதுக்கு அன்னைக்குக் கையெழுத்துப் போட்ட?" என்றேன். "இது பள்ளம்னு தெரியாதா உனக்கு?"

"தெரியாம என்னண்ணே? இருபத்திரண்டு வருசம் இந்த மண்ணுல வேல செஞ்சவ. எந்த மரத்து வரைக்கும் தண்ணி ஏறும்னு எனக்குத் தெரியும்."

"அப்புறம்?"

அவள் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தாள். "அவரு சொல்வாருண்ணே. எங்கண்ணனுக்கு எங்கிட்ட இருக்கறது எல்லாமே வேணும், ஆனா வாயத் தொறந்து கேக்கத் தெரியாது, என்னைக்காச்சும் கேட்டாருன்னா குடுத்துடு சரோ, அப்படின்னு. நீங்க மேட்டக் கேட்டீங்க. குடுத்துட்டேன்."

நான் மோட்டார் சைக்கிள் பக்கம் திரும்பினேன்.

"ஆனா கெரான்ல பேரு மட்டும் குடுக்கல," என்றாள். "அது அவரு சொன்னது இல்ல. அது நானா முடிவு பண்ணது."

திரும்ப இறங்கித் தண்ணீருக்குள் போய்விட்டாள்.

இதைக் கேட்டு நான் திருந்திவிட்டேன் என்று நீ எதிர்பார்த்தால் ஏமாந்துபோவாய். என் தம்பிக்கு எல்லாம் தெரிந்திருந்தது. சின்ன வயதிலிருந்தே தெரிந்திருந்தது. தெரிந்துகொண்டே பாதியைக் கொடுத்தான், சிரித்தான், சாப்பிடக் கூப்பிட்டான். பெண்டாட்டியிடம் என்னைப்பற்றி இரக்கத்தோடு பேசியிருக்கிறான். மன்னித்துவிட்டுப் போன செத்தவனிடம் சண்டை போட முடியுமா? நான் வீட்டுக்கு வந்தேன். இரண்டு வருடம் அந்த நிலத்தின் பக்கமே போகவில்லை. மேட்டைக் குத்தகை ஆளிடம் விட்டேன். அவன் உரம் போடவில்லை, காய்ந்த மட்டையை வெட்டவில்லை, புல் இடுப்பளவுக்கு ஏறியது. உன் அம்மாவிடம் மட்டும் ஒன்று மாறியது. அவள் கிளினிக் என்று பொய் சொல்வதை நிறுத்திவிட்டாள். "சரோஜாகிட்ட போய்ட்டு வாரேன்" என்று என் முகத்தைப் பார்த்தே சொல்லிவிட்டுப் போனாள்.

பிறகு இனிப்பு நீர் வியாதி என் காலில் வந்து உட்கார்ந்தது. வலது காலில் இரண்டு விரலை எடுத்தபோது நீ ஈப்போ ஆஸ்பத்திரிக்கு எப்படி ஓடி ஓடி வந்தாய் என்பதை நான் மறக்கவில்லை. ஒன்றரை மாதம் கழித்து வீட்டுக்கு வந்ததும் உன் அம்மாவிடம் மேட்டைப்பற்றிக் கேட்டேன். குத்தகைக்காரன் ஓடிவிட்டான், பழம் எல்லாம் மரத்திலேயே அழுகியிருக்கும் என்று நினைத்துத்தான் கேட்டேன். "சரோஜா ஆள் வெச்சு வெட்டிட்டா. புல்லும் அடிச்சாச்சு" என்றாள். மறுவாரம் என்னைக் காரில் கூட்டிப்போய்க் காட்டினாள். ரோட்டோர மரங்கள் மொட்டை அடித்துக் குளித்த பிள்ளைகள்போலச் சுத்தமாக நின்றன. நான் நன்றி சொல்ல வேண்டிய இடம் அது. என் மனதில் முதலில் வந்தது என்ன தெரியுமா? என் மரங்கள்கூட அவளுக்குத்தான் கட்டுப்படுகின்றன என்று.

ஆனால் அன்றைக்கு அந்த நினைப்பைக் கேட்டு எனக்கே சலித்துவிட்டது. வேறு வார்த்தை தெரியவில்லை, சலிப்புதான். அறுபது வயதுக்கு மேல் ஆகியும் பெரட்டுக்கு எழுப்பப்பட்ட பையனாகவே உட்கார்ந்திருக்கிறேனே என்று தோன்றியது. அடுத்த நாளே ஊன்றுகோலோடு நில அலுவலகத்துக்குப் போய், கோட்டைத் திருப்பிப் போட மனுக் கேட்டேன். ரோட்டிலிருந்து ஆறு வரைக்கும், நெடுக்காக. இருவருக்கும் மேடும் பள்ளமும். சரோஜாவிடம் தாளை நீட்டியபோது அவள் உடனே கையெழுத்துப் போடவில்லை. வீட்டுக்கு எடுத்துப்போய், மூன்று நாள் வைத்திருந்து, ஒவ்வொரு வரியாகப் படித்துவிட்டுக் கொண்டுவந்தாள். "குடிசை இருந்த எடம் எம்பக்கம் வருதாண்ணே?" என்று கேட்டாள். வருகிறது என்றேன். "அது காத்துல போனதுன்னே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போட்டாள். நீ இப்போது அங்கே பார்க்கும் நெடுக்கு வேலி அப்படி வந்ததுதான். நான்தான் பெருந்தன்மையாகப் பிரித்துக் கொடுத்தேன் என்று நீ உன் சிநேகிதர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாய். இனிமேல் சொல்லாதே.

பொறாமை போய்விட்டதா என்று கேட்பாய். போகவில்லை. இன்றைக்கும் கடைத்தெருவில் யாராவது "சரோஜாக்கா மாதிரி வருமா?" என்றால் எனக்குள் ஒன்று சுருக்கென்கிறது. அது என்னோடுதான் எரியும். ஆனால் அது என்ன சொல்கிறதோ அதற்கு நேர்மாறாக என் கையால் ஒரு காரியம் செய்ய முடிந்தது. நீ நல்லவனாக ஆகும்வரை காத்திருக்காதே, குமரா. உள்ளுக்குள் எது எரிந்தாலும் எரியட்டும், கோட்டை மட்டும் நேராகப் போடு. உனக்கு என்னிடம் எடுத்துக்கொள்ள ஏதாவது இருந்தால் அது ஒன்றுதான்.

இனி நீ கேட்டதற்கு வருகிறேன். நீ போனை வைத்த அன்று சாயங்காலம் உன் அம்மாவிடம், "நான் போயிட்டா உனக்கு நெலத்துல என்ன வேணும்?" என்று கேட்டேன். இத்தனை வருடத்தில் முதல் தடவை. அவள் யோசிக்கவே இல்லை. "மூணுல ஒண்ணு பொண்டாட்டிக்குன்னு சட்டமே இருக்காம். ஒரு ஏக்கர்" என்றாள். உனக்கு யார் சொன்னது என்றேன். "சரோஜா" என்றாள். இவர்கள் இதையும் பேசி முடித்துவிட்டார்கள்! "நம்ம பையன் பாத்துக்க மாட்டானா?" என்று சும்மா ஆழம் பார்த்தேன். "பாத்துப்பான். எம்பேரு இருந்தா இன்னும் நல்லா பாத்துப்பான்" என்றாள். கல்யாணச் சாமான் லிஸ்டை எடுத்துவைத்துக்கொண்டு உனக்கு வேட்டி எந்தக் கடையில் எடுப்பது என்று பேச ஆரம்பித்துவிட்டாள். உன்மேல் அவளுக்கு வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. அதனால்தான் எனக்கு உன்மேல் பயமாக இருக்கிறது. வருத்தப்படாதவர்களிடமிருந்துதான் நாம் அதிகமாக எடுத்துக்கொள்கிறோம்.

நான் செத்து, நீ மனுப் போட்டு, ஓர் அதிகாரி விரலை வைத்துக் காட்டி அவளைச் சம்மதமா என்று கேட்கும் நிலைமை வரக் கூடாது. உயிரோடு இருக்கும்போதே ஒரு ஏக்கரை அவள் பெயரில் தனியாகப் பிரித்து எழுதுகிறேன். மீதி இரண்டு உனக்கு. வரும் வியாழக்கிழமை காலை நில அலுவலகத்தில் வரச் சொல்லியிருக்கிறார்கள். லீவு போட்டுவிட்டு வா. உன் கையெழுத்து அங்கே தேவையில்லை என்றார்கள். பரவாயில்லை, வந்து பக்கத்தில் நில். உன் அம்மா கையெழுத்துப் போடுவதை நீ பார்க்க வேண்டும்.

எந்த ஓரத்தில் வேண்டும் என்றும் அவளிடம் கேட்டேன். சரோஜாவின் வேலியை ஒட்டி என்றாள். எனக்குச் சுருக்கென்றது. "ஏன், அந்தப் பக்கம் என்னா? எம்மரம் நல்லாருக்கறது இந்தப் பக்கம்தானே?" என்றேன்.

"நீங்க இல்லாத காலத்துக்குத்தானே கேக்கறீங்க?" என்றாள். "அப்ப எனக்குப் பேச ஆள் வேணாமா?"

நான் போன பிறகு அந்த வேலியின் இரண்டு பக்கமும் நின்று அவர்கள் பேசப்போகும் பேச்சை நினைத்தேன், குமரா. எனக்கு அதன்மேலும் பொறாமையாக இருந்தது. அளவைக்காரரைக் கூப்பிட்டு, அந்த வேலியை ஒட்டியே கோடு போடச் சொல்லிவிட்டேன்.

உன் அப்பா